தண்ணீர் பழகும் காலம்

(அருப்புக்கோட்டையில் வாசகர் வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் மாதத்தில் நேரும் தண்ணீர்ச் சங்கடங்களைப் பற்றி நான் பேசப்போவதாக வாசல் கரும்பலகையில் எழுதிப்போட்ட மறுநாளே, கடைத்தெருவில் என்னை வழிமறித்த பழைய நண்பர் ஒருவர், "ஏன் சார், குடிக்கிற தண்ணிக்கே குடத்தை வரிசையில வச்சுட்டுக் காத்துக் கிடக்கிற ஊருல, மீனுக்குத் தண்ணி பார்க்கச் சொல்றீகளே, இது அடுக்குமா?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. குண்டாற்றில் வெறும் மணல் கிடக்கும் மாதங்களே ஆண்டில் அதிகம். ஆயினும், தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் சீமையில் பிறந்தவனுக்கு அது ஒரே பதார்த்தம். நமக்கோ, குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர், மோட்டார் போட்டு ஏற்றும் உப்புத் தண்ணீர், ஊருணித் தண்ணீர், மழைக்குப் பிடித்து வைத்த தண்ணீர், கேனில் வாங்கும் தண்ணீர் என்று தனித்தனிக் குணமும் தனித்தனி உபயோகமும் உடைய பல பதார்த்தங்கள். எந்தத் தண்ணீரில் பருப்பு வேகும், எதில் வேகாது, எதில் சோப்பு நுரைக்கும் என்பதெல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த அளவுக்கு, பள்ளிக்கூடத்தில் ரசாயனம் போதித்தே தலை நரைத்த எனக்குத் தெரியாது. அந்த ஞானத்தையே கொஞ்சம் நீட்டி மீன்தொட்டி வரையில் கொண்டுபோகலாம் என்று எண்ணித்தான் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

இந்த மேஜைக்கு அடியில் ஈரத்துணி போர்த்திய வாளி ஒன்று இருப்பதைச் சிலர் பார்த்துவிட்டீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் என் பேரனுடைய பிறந்தநாளுக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி ஒன்று வாங்கினோம். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 56 லிட்டர். அன்று மாலையே தண்ணீர் நிரப்பி, அன்று மாலையே தங்கமீன் ஏழு வாங்கிவந்து விட்டாயிற்று. மூன்றாம் நாள் காலையில் தொட்டி முழுவதும் அரிசி களைந்த தண்ணீர்போல வெளுத்திருந்தது. என் துணைவியார், கலங்கிய ஊருணித் தண்ணீரைத் தெளிவிப்பதற்காகத் தம் தாயார் காலத்திலிருந்து சமையலறை மாடத்தில் வைத்திருக்கும் தேற்றாங்கொட்டையை எடுத்து, மண்சட்டியின் உட்புறத்தில் இழைத்து, அந்தக் குழம்பைத் தொட்டியில் கரைத்துவிட்டார்கள். பில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சு வழுவழுப்பாக இருக்கிறதென்று பேரன் அதைக் குழாயடியில் வெளுக்கும்வரை பிழிந்து கழுவினான். கொட்டையின் வேலையோ, தானாகவே அடங்கியதோ, ஐந்தாம் நாள் தண்ணீர் பளிங்காகிவிட்டது. ஆறாம் நாள் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுளின் ஓரம் சிவந்திருந்தது. எட்டாம் நாள் ஒன்றுதான் மிச்சம். "தண்ணி இவ்வளவு தெளிவா இருக்கே தாத்தா, பிறகு ஏன் செத்துச்சு?" என்று அவன் கேட்டான்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்வதுதான் இன்றைய என் வேலை முழுவதும்.

தெளிவு என்பது கண்ணுக்குச் சம்பந்தப்பட்டது; தேற்றாங்கொட்டை மண்துகளைத் திரட்டி அடியில் படியவைக்கும்; கரைந்து கிடப்பதை அது தொடாது. ரசம் தெளிந்துவிட்டால் உப்பும் போய்விடுமா? திருச்சுழித் திருமேனிநாதர் கோயில் தெப்பக்குளத்தில் குளித்தெழுந்தால் கையிலுள்ள வெள்ளிக் காப்பு கறுத்துவிடும் என்று பெரியவர்கள் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். கண் காணாததை வெள்ளி கண்டுபிடிக்கிறது. மீனுக்கோ காப்பு இல்லை, செவுள்தான் இருக்கிறது.

மீன் தன் உடம்பில் சேரும் கழிவு நைட்ரஜனைப் பெரும்பாலும் அந்தச் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியிடுகிறது. தின்னாமல் விட்ட தீனியும், அழுகும் இலையும் அதையே உண்டாக்குகின்றன. அம்மோனியா என்றால் என்னவென்று இளைஞர்கள் கேட்கலாம். பெரியவர்கள் கேட்க வேண்டியதில்லை. தெருவில் துருத்தி ஊதிப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், பாத்திரம் காய்ந்ததும் உள்ளே ஒரு சிட்டிகை நவச்சாரத்தைப் போட்டுத் துணியால் தேய்ப்பாரே, அப்போது குப்பென்று வெண்புகை கிளம்பி மூக்கைப் பிடுங்குமே, அந்த நெடிக்கு மூலமான வஸ்து அதுதான்.

எங்கள் தொட்டியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு ஒரு கிராம் தீனி போட்டால், அதில் சுமார் 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனாகத் தண்ணீரில் சேரும். 56 லிட்டருக்கு அதைப் பங்கிட்டால் லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். ஐந்து நாளில் இரண்டரை மில்லிகிராமைத் தாண்டும். இத்தனையும் விஷமா என்றால், இல்லை. இங்கேதான் நம் ஊர்த் தண்ணீரின் ஜாதகம் குறுக்கிடுகிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேஷத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் துன்பம் செய்யாத அம்மோனியம். மற்றொன்று செவுளைச் சுட்டெரிக்கும் கட்டற்ற அம்மோனியா. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் காரத்தன்மையும் சூடும் தீர்மானிக்கின்றன. 30 பாகை வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நடுநிலைத் தண்ணீரில் மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இராது, பி.எச். 8 ஆகிவிட்டால் அதுவே நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் போய்விடும். கரிசலுக்குக் கீழே நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வரும் நம் மோட்டார்த் தண்ணீர் பெரும்பாலும் காரப் பக்கம் சாய்ந்தது. சித்திரை வெயிலோ சொல்ல வேண்டியதில்லை. லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் கட்டற்ற அம்மோனியாவிலேயே செவுள் புண்படத் தொடங்கும். எங்கள் தொட்டியில் ஐந்தாம் நாள், அதாவது தண்ணீர் பளிங்காய் இருந்த அன்று, அதைப்போல் நான்கு மடங்கு இருந்திருக்க வேண்டும். ஆகவே, மென்மையான தண்ணீர் உள்ள ஊர்க்காரர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு அதே அளவு மீனை அதே அவசரத்தில் இங்கே விடுகிறவன், அவருக்கு நேராத நஷ்டத்தை அடைகிறான்.

அப்படியானால் கண்மாயில் மீன் எப்படிப் பிழைக்கிறது? அதற்கு விடை தெரிய, ஒரு தகப்பனையும் மகனையும் பற்றிய வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல அநுமதியுங்கள்.

1850-ஐ ஒட்டிய காலத்தில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீனையும், நாடாபோல் நீண்ட இலையுடைய நீர்ப்பாசியையும் வைத்து வளர்த்தார். மீன் மூச்சுவிடுவதைச் செடி உட்கொள்ளும், செடி வெளியிடும் பிராணவாயுவை மீன் உட்கொள்ளும், ஆகையால் தண்ணீரை மாற்றவே வேண்டியதில்லை என்பது அவர் சித்தாந்தம். சில நாளில் அழுகிய இலையால் தண்ணீர் கெட்டது, நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்று தண்ணீரைக் காத்தன. மீன், செடி, நத்தை என்னும் மூவர் கூட்டணியால் ஒரு பாத்திரம் தன்னைத்தானே பேணிக்கொள்ளும் என்று அவர் முடிவு கட்டினார். வீட்டு மீன்தொட்டி என்னும் வழக்கம் மேல்நாட்டில் பரவியதற்கு அந்தப் பரிசோதனை ஒரு முக்கியமான காரணம்.

தகப்பனார் எண்ணிய மூவருக்கும் அப்பால் நான்காவது பங்காளி ஒருவன் அந்தப் பாத்திரத்தில் ஒளிந்திருந்தான். அவனைத் தேடிய காரியத்தில் பெரும்பங்கு, பின்னாளில், அதே பெயர் கொண்ட அவருடைய மகனுக்கே வாய்த்தது. மகன் வாரிங்டன் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில், மண்ணிலுள்ள அம்மோனியா எப்படி நைட்ரேட்டாக மாறுகிறது என்பதை ஆராய்ந்தவர். 1877-ல் பிரான்ஸ் தேசத்தில் ஷ்லூசிங், மூண்ட்ஸ் என்னும் இருவர் சாக்கடை நீரை மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்திருந்தார்கள். இருபது நாள்வரை அம்மோனியா போனது போனபடியே வெளிவந்தது. பிறகு திடீரென்று நைட்ரேட் தென்படலாயிற்று; அம்மோனியா காணாமலே போயிற்று. வெறும் ரசாயன மாறுதலாக இருந்தால் முதல் நாளிலேயே நடந்திருக்க வேண்டாமா? குழாயில் குளோரோபாரத்தின் ஆவியைச் செலுத்தினார்கள், மாறுதல் நின்றுவிட்டது. மயக்க மருந்துக்கு மயங்குவது உயிருள்ள பொருள்தானே! அந்த ஆவியை அகற்றிய பின்னும் வேலை தொடங்கவில்லை. தோட்டத்து மண்ணைக் கரைத்த தண்ணீர் கொஞ்சம் ஊற்றியதும் மறுபடி தொடங்கிற்று. இந்த வேலை ஒருவரால் முடிவதன்று, இரு வகை நுண்ணுயிர் அடுத்தடுத்துச் செய்வது என்று மகன் வாரிங்டன் காட்டினார். அவற்றைத் தனியே பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை; 1890-ல் வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி அதைச் சாதித்தார். தகப்பனார் தொட்டி வைத்தார், தொட்டி ஏன் பிழைத்தது என்பதை மகன் வயல் மண்ணில் கண்டார். மீன்தொட்டியைப் பற்றிய நூல்களில் இந்த உறவை ஏன் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை என்று எனக்கு ஆச்சரியம் உண்டு.

புதிய தொட்டிக்கு நேரும் நோயின் காரணம் இதனால் விளங்கும். அங்கே அழுக்கு அதிகமாகிவிட்டது என்பதைவிட, அழுக்கை வாங்கிக்கொள்ள ஆள் குடிவரவில்லை என்பதே உண்மை. முதல் வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இரண்டாம் வகை அதை நைட்ரேட்டாக்கும். இரண்டும் தண்ணீரில் மிதந்து திரிவதைக் காட்டிலும் ஸ்பாஞ்சின் துவாரத்திலும் கூழாங்கல்லின் மேலும் வழுவழுப்பாக ஒட்டிக்கொண்டு வாழ்வதையே விரும்பும். மூன்றாம் நாள் தண்ணீரை வெளுக்கவைத்தவை வேறு. அவை மிச்சத் தீனியைத் தின்று அரைமணிக்கொரு தரம் இரட்டிக்கும் ரகம். நமக்கு வேண்டியவையோ ஒருமுறை இரட்டிக்க எட்டு மணி முதல் ஒரு நாள்வரை எடுத்துக்கொள்ளும். சீமைக்கருவேல் முளைப்பதற்கும் பனை வளர்வதற்கும் உள்ள தாரதம்மியம்தான். வெண்கலங்கல் தானாக வந்து தானாகப் போகும். அதற்காக யாரும் தொட்டியைக் கவிழ்க்க வேண்டாம். என் பேரன் குழாயடியில் பிழிந்தெறிந்தது, அப்போதுதான் ஒண்டவந்த குடிகளை.

இந்தக் குடியேற்றம் முடிய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நம் வழக்கில் ஒரு மண்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கத் தெரிந்த ஜனங்களுக்கு அது பெரிய காலமன்று. அதுவரையில் தொட்டியில் இரண்டு சிறு மீனுக்கு மேல் வேண்டாம். தீனி, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். கடையில் விற்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அவ்வப்போது பார்த்து, நிறம் ஏறினால் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ மாற்றுங்கள்; பாதி மாற்றினால் விஷமும் பாதியாகும், இதற்குமேல் கணிதம் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை இருந்தால் அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். அவசரமென்றால், போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் இருட்டறையில் உபயோகித்த ஹைப்போ உப்பில் ஒரு சிறு கல் போதும்.

இரண்டாவது வாரத்தில் அம்மோனியா குறைந்து நைட்ரைட் ஏறும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நைட்ரைட் செவுள்வழியே ரத்தத்தில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் செந்நிறப் பொருளைக் கெடுத்துவிடும், ரத்தம் காப்பிநிறமாகும், தண்ணீரில் காற்று நிரம்ப இருந்தும் மீன் மூச்சுத் திணறும். இங்கே நம் தண்ணீரின் ஜாதகத்தில் ஒரு சுபயோகமும் இருக்கிறது. சமையலுப்பிலுள்ள குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வாசலில் நுழைகிறவை. குளோரைடு கூட்டமாக நின்றால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. வாயில் வைத்தால் கரிக்கிறதே என்று நாம் ஆயுள் முழுவதும் வைத கிணற்றுத் தண்ணீர், அந்தக் கரிப்பினாலேயே மீனுக்குக் கவசமாகிறது. குழாயின் நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றியவர்கள் லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பைக் கரைத்து விட்டால் அதே பாதுகாப்பு கிடைக்கும்.

கடைசியாக மிஞ்சும் நைட்ரேட் சாதுவானது. பழைய மாட்டுத் தொழுவத்தின் மண்சுவரில் வெள்ளையாகப் பூத்து நிற்குமே வெடியுப்பு, அது இதன் உறவு. சிவகாசியின் மத்தாப்புக்கும் புஸ்வாணத்துக்கும் உயிர்கொடுக்கும் உப்பு, ஒரு காலத்தில் தொழுவ மண்ணில் இதே நுண்ணுயிர்களின் கைவேலையாக விளைந்ததுதான். தொட்டியில் அது சேரச் சேரப் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகும். வெயில் படும் ஜன்னலோரம் என்றால் கேட்கவே வேண்டாம். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது. எடுத்த தண்ணீர் வீண் போகாது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் குழாயைச் செருகுமுன்பே, மல்லிகைச் செடிக்காக இரண்டு குடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடும்.

கேன் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தெருவில் ஒரு நண்பர், உப்புத் தண்ணீர் மீனுக்கு ஆகாதென்று முடிவுகட்டி, மாதக்கணக்கில் கேன் தண்ணீரையே ஊற்றிவந்தார். அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர், ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏழு பங்கு சுண்ணாம்புச் சத்தையும், நாலரைப் பங்குக்குமேல் பிராணவாயுவையும் செலவழிக்கும். சவ்வு வைத்து வடித்த தண்ணீரில் சுண்ணாம்பு ஏது? தொட்டி புளித்துக்கொண்டே போய், நுண்ணுயிர்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டன, அம்மோனியா சேர்ந்தது, ஆனால் புளித்த தண்ணீரில் அது சாதுவான வேஷத்தில் இருந்ததால் மீன்கள் மந்தமாகவேனும் உயிரோடிருந்தன. ஒருநாள் கேன் வரவில்லை. அரைத் தொட்டிக்கு மோட்டார்த் தண்ணீரை ஊற்றினார். காரம் ஏறியது, சேர்ந்திருந்த அம்மோனியாவில் ஒரு பங்கு ஒரே கணத்தில் விஷ வேஷத்துக்கு மாறிற்று, ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மீனைக் கொன்றது உப்புத் தண்ணீர்தான் என்று அவர் இன்றும் நம்புகிறார். நான் மூன்றுமுறை விளக்கித் தோற்றுவிட்டேன். குழாய்த் தண்ணீர் பாதி, மோட்டார்த் தண்ணீர் பாதி என்று கலந்து ஒரே பக்குவத்தில் பழக்குவதுதான் நமக்கு உகந்த வழி. கப்பி, மோலி போன்ற மீன்கள் நம் உப்பைப் பிறந்த வீட்டுச் சீதனம்போல ஏற்றுக்கொள்ளும். அமேசான் காட்டு ஓடையில் பிறந்த நியான் டெட்ராவை இங்கே கொண்டுவந்து தவிக்கவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

நம் வறட்சி செய்யும் வேலை இன்னொன்று. பங்குனி, சித்திரையில் தொட்டியின் மட்டம் நாளுக்கு நாள் இறங்கும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். இறங்கியதை மோட்டார்த் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே இருந்தால், தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி கட்டி நடத்தும் தொழிலையே கூடத்தில் சிறிய அளவில் நடத்துகிறோம். கண்ணாடியின் மேல்விளிம்பில் வெள்ளைக் கோடு படிவது அதன் அடையாளம். ஆகவே, குறைந்ததை ஈடுசெய்ய உப்புக் குறைந்த தண்ணீர். மாற்றும்போது மட்டும் கலவைத் தண்ணீர். கேன் தண்ணீருக்கும் மழைத் தண்ணீருக்கும் உரிய இடம் இங்கே இருக்கிறது. வெயில் நாளில் பிராணவாயுவும் குறையும். 25 பாகையில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் கரையுமானால், 35 பாகையில் 6.9 தான் கரையும். மின்சாரம் போன இரவில் ஒரு சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவது, பார்ப்பதற்குச் சிரிப்பாக இருந்தாலும், மீனுக்கு அது அபிஷேகம்.

இனி வாளி. தயிர் தோய்க்க உறைமோர் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கி வருகிறோம். பாலை வைத்துக்கொண்டு தானாக உறையட்டும் என்று காத்திருப்பதில்லை. பிரெஞ்சுக்காரர் குழாயில் ஊற்றிய தோட்டத்து மண்கரைசல் அத்தகைய உறைமோரே. சென்ற ஆண்டு பிழைத்த அந்த ஒற்றைத் தங்கமீன் இருக்கும் தொட்டியில், மூன்று மாதத்துக்கு முன்பு கூடுதலாக நான்கு ஸ்பாஞ்சுத் துண்டுகளைப் போட்டு வைத்தேன். அவைதான் இப்போது இந்த வாளியில் இருக்கின்றன; நன்றாக வழுவழுத்துப் பழுப்பேறியிருக்கின்றன. புதிதாகத் தொட்டி வைத்திருப்பதாகச் சொன்ன நான்கு பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் முன்னால் வாருங்கள். ஆளுக்கொன்று, இந்தத் தண்ணீரோடேயே பையில் போட்டுத் தருகிறேன். வழியில் எங்கும் நிற்காமல் வீட்டுக்குப் போய், அப்படியே பில்டருக்குள் செருகிவிடுங்கள். அம்மா பார்த்துவிட்டு அழுக்காக இருக்கிறதே என்று கழுவப் போவார்கள். கையைப் பிடித்து நிறுத்துங்கள்.